புதுச்சேரியில் நடுங்கிய ஜன்னல்கள்

கொசுவலைக்காகக் கடல் தாண்டிப் போனவள் என்று பினாங்கில் என் அலுவலகத்தார் இன்றைக்கும் என்னைக் கிண்டல் செய்கிறார்கள். செய்துவிட்டுப் போகட்டும். 2008இல் நான் வேலை பார்த்த நிறுவனம் கம்ப்யூட்டருக்கான கிராபிக்ஸ் கார்டுகளைச் செய்து விற்றுக்கொண்டிருந்தது. திரையில் படம் வரைவது அந்தக் கார்டின் வேலை. அதை வாங்கியவர்கள் எங்கேயாவது சண்டைக்கு நின்றால் நேரில் போய்ச் சமாதானம் செய்துவிட்டு வருவது என் வேலை. தைவானில் திட்டு வாங்கியிருக்கிறேன், கொரியாவில் வாங்கியிருக்கிறேன். தமிழில் ஒருவர் திட்டியது அதுதான் முதல் தடவை. கேட்கச் சுகமாகவே இருந்தது.

"உங்க கார்ட போட்டதுலேருந்து எங்க ஜன்னலெல்லாம் நடுங்குதுங்க. பாக்கறவங்களுக்குக் கண்ணு வலிக்குது. வந்து சரி பண்ணுங்க, இல்லன்னா எடுத்துட்டுப் போங்க" என்றது போனில் வந்த குரல். பேசியவர் புதுச்சேரியைச் சேர்ந்த குணசேகரன். இன்னும் கட்டாத வீடுகளைக் கம்ப்யூட்டரில் கட்டி, அதற்குள் நாமே நடந்து பார்ப்பதுபோலத் திரையில் காட்டுவது அவர் தொழில். வாக்த்ரூ என்பார்கள். என் மேலதிகாரி லிம், பினாங்குச் சீனர், விஷயத்தைக் கேட்டுவிட்டு, "நீதான் தமிழாயிற்றே, போய்ப் பேசு" என்றார். தமிழ் தெரிந்தால் ஜன்னல் நடுங்குவது நின்றுவிடும் என்பது அவர் நம்பிக்கை. எனக்கும் நம்பிக்கை இருந்தது. தமிழ்மேல் இல்லை, என்மேல்.

புதுச்சேரி பஸ் நிலையத்தில் இறங்கி, ரெட்டியார்பாளையத்தில் ஒரு கம்பெனிக்குப் போக வேண்டும் என்று ஆட்டோக்காரரிடம் சொன்னேன்.

"கம்பெனியா? அப்ப மேட்டுப்பாளையந்தாம்மா. கம்பெனியெல்லாம் அங்கதான் இருக்குது."

"இல்லைங்க, ரெட்டியார்பாளையம்."

"ஊருக்குப் புதுசா நீங்க? சிலோனா?"

"மலேசியா."

"அதான். ஏறுங்க, நான் கூட்டிட்டுப் போறேன்."

பினாங்கு டாக்சிக்காரர்களும் வழி தவறுவார்கள். ஆனால் தவறும்போது முகத்தில் கொஞ்சம் சந்தேகம் தெரியும். இவருக்கு அந்தக் குறையே இல்லை. மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் சோப்புக் கம்பெனி வாசலிலும், பிளாஸ்டிக் குழாய்க் கம்பெனி வாசலிலும் நிறுத்தி, "கம்ப்யூட்டர்ல வூடு கட்டறவங்க இங்க இருக்காங்களா?" என்று காவலாளிகளைக் கேட்டார். அவர்கள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். அப்புறம் அவராகவே, "ரெட்டியார்பாளையமா இருக்கும்னு நெனைக்கிறேம்மா" என்று ஏதோ புதிதாகக் கண்டுபிடித்தவர்போலச் சொல்லி வண்டியைத் திருப்பினார். வழியில் நிறுத்தி எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். எங்கள் ஊரில் டீயை ஒரு முழம் இழுத்து ஆற்றிப் பெரிய கோப்பையில் தருவார்கள். இங்கேயும் அதே இழுப்புதான், ஆனால் கிளாஸ் கட்டைவிரல் உயரம். இரண்டு கேட்டு வாங்கிக் குடித்தேன்.

விழுப்புரம் சாலையில் ஒரு டைல்ஸ் கடைக்கு மேல்மாடியில் இருந்தது குணசேகரனின் அலுவலகம். தடித்த பழைய மானிட்டர்கள், ஓயாமல் சுற்றும் மின்விசிறிகள், ஏழெட்டுப் பேர். குணசேகரனுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். முன்பு வீட்டுப் பிளான்களைக் கையால் வரைந்து கொடுத்துக்கொண்டிருந்தவர். நான் வந்ததும் வராததுமாக, மூலையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணைக் கையால் காட்டினார்.

"இந்தப் பொண்ணு பேச்சக் கேட்டுதான் மேடம் உங்க கார்டுங்கள வாங்கனேன். பழசே நல்லாத்தான் ஓடிச்சி. புதுசுல நாமளே புரோகிராம் எழுதி படத்த இன்னும் நேர்த்தி பண்ணலாம்னுச்சி. இப்பப் பாருங்க."

அந்தப் பெண் தாமரைச்செல்வி, செல்வி என்று கூப்பிட்டார்கள். இருபத்தாறு வயது. அந்த அலுவலகத்தில் புரோகிராம் எழுதத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

நிலைமையைக் குணசேகரன் ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னார். கருவடிக்குப்பத்தில் வேலாயுதம் என்கிற பில்டர் அடுக்குமாடி வீடுகள் கட்டப் போகிறார். பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வந்திருக்கும் நம்மவர்களைச் சனிக்கிழமை இங்கே கூட்டிவந்து வாக்த்ரூவைக் காட்டி வீடு விற்கப் போகிறார். போன தடவை காட்டியபோது ஜன்னல் நடுங்கி, வந்தவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு பாதியில் எழுந்து போய்விட்டார்கள். மறுபடியும் அப்படி ஆனால் வேலையைச் சென்னைக்காரர்களிடம் கொடுத்துவிடுவேன் என்று வேலாயுதம் சொல்லியிருக்கிறார்.

"அப்படி ஆச்சின்னா கார்டுங்களத் திருப்பிக் குடுத்துட்டு, பழையபடி பிளான் போடப் போயிடுவேன். பிளான் போட புரோகிராமர் எதுக்கு? செல்வி மெட்ராஸ் பக்கம் வேல தேடிக்க வேண்டிதுதான்" என்றார். செல்வி அதே அறையில்தான் இருந்தாள். அவர் குரலைத் தாழ்த்தவில்லை.

எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. அந்தக் கோபத்திலேயே, "சனிக்கிழமை ஒரு ஜன்னல்கூட நடுங்காது. நான் பொறுப்பு" என்றேன். எதனால் நடுங்குகிறது என்று அப்போது நான் பார்த்திருக்கவே இல்லை.

பார்த்தேன். கூடம், தரை, சோபா எல்லாம் லட்சணமாக இருந்தன. ஜன்னல்களில் மட்டும் எறும்புக் கூட்டம் ஓடுவதுபோல் ஏதோ மினுங்கியது. நடக்க நடக்க எறும்புகள் திசை மாறின. பால்கனிக் கம்பிகளின் ஓரமும் ஆகாயத்துக்கு எதிரே ரம்பப் பல் மாதிரி இருந்தது. ஆனால் ஜன்னல்தான் மோசம்.

"ஜன்னல்ல என்னம்மா அது?"

"கொசுவலங்க மேடம்" என்றாள் செல்வி. அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"டெக்ஸ்சரா?" என்று கேட்டேன். டெக்ஸ்சர் என்றால் ஒரு படத்தை எடுத்துச் சுவர்மேல் ஒட்டுவதுபோல ஒட்டுவது. வலையை அப்படித்தான் எல்லாரும் செய்வார்கள்.

"இல்லைங்க. புதுக் கார்டு வந்தப்பறம் கம்பி கம்பியா செஞ்சது."

பக்கத்தில் போய் உருவத்தைப் பெரிதாக்கினேன். ஒவ்வொரு கம்பியும் தனித்தனி. அது மட்டுமில்லை, ஒரு கம்பி அடுத்ததன் மேலே ஏறி, அதற்கடுத்ததன் கீழே நுழைந்து, மறுபடி மேலே ஏறியது. பாவும் ஊடுமாக நெய்திருந்தாள். எல்லா மாடியிலும், எல்லா ஜன்னலிலும். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. கண்ணில் நீர் வரச் சிரித்தேன். செல்வி சிரிக்கவில்லை.

"எங்க வூட்ல எல்லாரும் துணி மில்லுல இருந்தவங்க மேடம். வலைன்னா மேல ஒண்ணு, கீழ ஒண்ணு போனாதான வல? இல்லன்னா வெறும் கோடு."

சிரிப்பை அடக்கிக்கொண்டு, சுலபமான வழியைச் சொன்னேன். "பேசாமல் வலையை எடுத்துடுங்க. வேலை முடிஞ்சுது."

அலுவலகமே திரும்பிப் பார்த்தது. கூரையை எடுத்துவிடுங்கள் என்று சொன்னதுபோல் இருந்தது அவர்கள் பார்வை. அதுவரை செல்வியைத் திட்டிக்கொண்டிருந்த குணசேகரன், முதல் தடவையாக அவள் பக்கம் சேர்ந்துகொண்டார். "என்னா மேடம் இப்படிச் சொல்றீங்க? கொசுவல இல்லாத வூட்ட பாண்டில எவன் வாங்குவான்? எல்லா ஜன்னல்லயும் வல போட்டுத் தரேன்னுதான் வேலாயுதம் யாவாரமே பண்றாரு."

அன்றைக்கு இருட்டியதும் என் விடுதி அறையில் அந்த வாதம் எனக்கு முழுசாகப் புரிந்தது. பினாங்கிலும் கொசு உண்டு, வத்தி கொளுத்தினால் மரியாதையாகப் போய்விடும். இந்த ஊர்க் கொசுக்களுக்கு யாரைக் கண்டும் பயமில்லை, குடியுரிமை பெற்றவை. ஜன்னலைப் பார்த்தேன். வலை இல்லை. அந்த விடுதியைக் கட்டியவரை வாய்விட்டுத் திட்டினேன்.

மறுநாள் காலை பசியாற இட்லியும் வடகறியும். எங்கள் ஊரில் இட்லிக்குச் சாம்பார், சட்னி, மீறினால் மீன் குழம்பு. வடையை உதிர்த்துக் குழம்பில் போட்டு இட்லிக்குத் தொட்டுக்கொள்ளும் யோசனை எங்கள் தாத்தாமார் கப்பலேறியபோது இங்கேயே மறந்து விட்டுவந்தது போலிருக்கிறது. பக்கத்து மேசையில் இரண்டு வெள்ளைக்காரப் பெண்கள் அதையே கரண்டியால் சாப்பிட்டுக்கொண்டு பிரெஞ்சில் ஏதோ சொல்லிக்கொண்டார்கள். பரிமாறியவர் எனக்கு மொழிபெயர்த்தார்: "இது சூப்பு நல்லா கெட்டியா இருக்குதுன்னு சொல்றாங்க." நான் இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டேன்.

அலுவலகத்தில் செல்வியை உட்காரவைத்து, நடுக்கம் ஏன் வருகிறது என்று இருவருமாகப் பேசினோம். திரை என்பது சின்னச் சின்னச் சதுரங்களின் கூட்டம். ஒரு சதுரத்துக்கு ஒரு நிறம்தான் கொடுக்க முடியும். ஜன்னல் தூரத்தில் இருக்கும்போது ஒரே சதுரத்துக்குள் வலையின் நாலைந்து கம்பிகள் வந்து விழுகின்றன. அதற்குக் கம்பியின் நிறமா, நடுவே தெரியும் ஆகாயத்தின் நிறமா? கார்டு என்ன செய்கிறதென்றால், அந்தச் சதுரத்துக்குள் சில புள்ளிகளைத் தொட்டுப் பார்த்து, கிடைத்த நிறங்களைச் சராசரி எடுக்கிறது. இதைத்தான் ஆன்டி-அலையசிங் என்கிறோம். பால்கனிக் கம்பி மாதிரித் தடித்த பொருளுக்கு அது போதும். கொசுவலைக்கு எப்படிப் போதும்? நடக்கும்போது அந்தப் புள்ளிகள் ஒரு தடவை கம்பியில் விழும், அடுத்த தடவை ஆகாயத்தில் விழும். எறும்பு ஓடத்தான் செய்யும்.

"அதுக்குத்தான் மேடம் நானே ஒண்ணு எழுதிப் பாத்தேன்" என்று ஒரு புரோகிராமைத் திறந்தாள்.

இங்கே எங்கள் கார்டின் பெருமையைச் சொல்லியாக வேண்டும். சராசரி எடுக்கும் வேலையைக் கார்டின் சிப்பிலேயே அதற்கென்று ஒரு மின்சுற்றாகப் பொறித்துவைப்பது பழைய வழக்கம். அது கண்மூடித் திறப்பதற்குள் செய்துவிடும், ஆனால் செய்யும் விதத்தை யாரும் மாற்ற முடியாது. எங்கள் புதுக் கார்டிலோ, எப்படிச் சராசரி எடுப்பது என்பதைப் புரோகிராம் எழுதுபவரே சொல்லலாம். முன்னது அச்சு முறுக்கு, பின்னது கைமுறுக்கு. எந்த ஊருக்குப் போனாலும் நான் கைமுறுக்குக் கட்சிதான். மேடையேறி அதைப் புகழ்ந்தே பேர் வாங்கியிருந்தேன். என்னைப் போன்றவர்கள் பேசியதை இன்டர்நெட்டில் படித்துவிட்டுத்தான் செல்வி அந்தக் கார்டுகளை வாங்கச் சொல்லியிருக்கிறாள்.

அவள் எழுதியிருந்தது அக்கம்பக்கத்துச் சதுரங்களின் புள்ளிகளையும் சேர்த்துச் சராசரி எடுக்கும் புரோகிராம். கணக்கில் பிழையே இல்லை. ஓட்டிப் பார்த்தோம். எறும்புகள் குறைந்தன, ஆனால் வீடு முழுக்க நனைந்த கண்ணாடி வழியாகப் பார்ப்பதுபோல் மங்கிவிட்டது. நடையும் தட்டித் தட்டி வந்தது.

"புதுக் கார்டு வாங்கி வூட்டுக்கே கண்புரை வந்துடுச்சி" என்றார் பின்னால் நின்ற குணசேகரன். செல்வி புரோகிராமை மூடினாள்.

அன்று சாயங்காலம் கடற்கரையில் சுண்டல் தின்றுகொண்டே யோசித்தேன். எனக்கு என்ன செய்ய வேண்டும் என்று காலையிலேயே தெரிந்துவிட்டது. அதை வாயால் சொல்லத்தான் கஷ்டமாக இருந்தது. நான் ஊர் ஊராகக் கேலி செய்துவந்த அச்சு முறுக்கைத்தான் சொல்லியாக வேண்டும்.

வெள்ளிக்கிழமை விடிந்தால் பந்த். எதற்காக என்று கேட்டதற்கு விடுதிக்காரர் ஒரு காரணம் சொன்னார், எதிர்க்கடைக்காரர் வேறொரு காரணம் சொன்னார். ஆட்டோ இல்லை, பஸ் இல்லை, இட்லியும் இல்லை. எங்கள் ஊரில் சீனப் புத்தாண்டன்று மட்டும்தான் தெரு இப்படிக் காலியாக இருக்கும். போன் செய்தேன். செல்வி தன் மொபெட்டில் வந்து நின்றாள், முன்னால் ஒரு டிபன் கேரியர் தொங்கியது. "ஏறுங்கக்கா" என்றாள். மேடம் அக்காவானது எப்போது என்று தெரியவில்லை, நான் கேட்கவும் இல்லை.

பாதி வழியில் மொபெட் இருமி நின்றது. பெட்ரோல் இல்லை. பங்க் எல்லாம் மூடிக் கிடந்தது. இருவருமாகத் தள்ளிக்கொண்டு போனோம், வெயிலில், ஆளில்லாத விழுப்புரம் சாலையின் நட்டநடுவில்.

"சென்னையில உனக்கு வேலை கிடைக்காமலா போகும்?" என்று ஆறுதலாகக் கேட்டேன்.

"கெடைக்கும்க்கா. போன்ல பேசற வேல. ஏற்கெனவே கூப்டாங்க." சாலையில் இருந்த ஒரு பள்ளத்தைச் சுற்றி வண்டியை வளைத்தாள். "எனக்கு இதுதாங்க்கா புடிச்சிருக்குது. இல்லாத ஒரு வூட்ட, இருக்கற மாதிரி பண்றது. அதுக்காகத்தான் கார்டு வாங்கச் சொன்னேன். வாங்கச் சொல்லிட்டு இப்படி ஆயிடுச்சேன்னு ராவெல்லாம் தூக்கமே வரல."

இந்தப் பெண் வேலையை விட்டுப் போகக் கூடாது என்று மட்டும் தோன்றியது. எங்கள் கார்டின் மானம் அப்போது எனக்குப் பெரிதாகப் படவில்லை.

மாடியேறி உட்கார்ந்ததும் போட்டு உடைத்தேன். "செல்வி, வலையைக் கம்பியா வரையாதே. டெக்ஸ்சரா மாத்திடு. அதை வடிகட்டற வேலையைக் கார்டுல இருக்கிற பழைய சுற்றுகிட்டயே விட்டுடு."

டெக்ஸ்சரை வடிகட்டுவது பழைய வித்தை. படத்தை முன்கூட்டியே பாதியாகவும், அதில் பாதியாகவும், அதிலும் பாதியாகவும் சுருக்கி அடுக்கிவைத்துவிடுகிறோம். ஜன்னல் தூரத்தில் இருந்தால் கார்டு சின்னப் படத்தை எடுக்கும், கிட்டே வந்தால் பெரிய படத்தை எடுக்கும். சின்னப் படத்தில் கம்பியும் ஆகாயமும் ஏற்கெனவே கலந்து மெல்லிய சாம்பல் திரையாகிவிட்டதால் நடுங்குவதற்கு ஒன்றும் இல்லை. ஜன்னலைச் சாய்வாகப் பார்த்தாலும் சமாளிக்கும். இதற்கென்றே பொறித்த சுற்று, வேறொன்றும் தெரியாது.

"அதையும் நானே எழுதிடறனே" என்றாள். முகத்தில் பிடிவாதம்.

"எழுதிப் பாரேன்."

எழுதினாள். கெட்டிக்காரி, மத்தியானத்துக்குள் முடித்துவிட்டாள். ஒரு ஜன்னலுக்கு நன்றாகவே ஓடியது. முழுக் கட்டடத்தையும் திறந்தபோது படம் தவழ்ந்தது. பழைய சுற்றிடம் கொடுத்தோம், பறந்தது. செல்வி நாற்காலியில் சாய்ந்துகொண்டு திரையையே பார்த்தாள்.

"அப்ப நான் நெய்ஞ்சது எல்லாம் வீண்தானாக்கா?"

இந்த இடத்தில் நான் என்னை மெச்சிக்கொள்ளப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். "வீணா? டெக்ஸ்சருக்குப் படம் எங்கேயிருந்து வரும்? நீ நெய்த வலையை நேருக்கு நேராக நிறுத்தி, நல்ல வெளிச்சத்தில் கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு போட்டோ எடு. அதுதான் டெக்ஸ்சர். மேல ஒண்ணு கீழ ஒண்ணு எல்லாம் அதிலேயே இருக்கும்."

செல்வி நிமிர்ந்தாள். அவள் சிரித்ததை அப்போதுதான் பார்த்தேன்.

டிபன் கேரியரைத் திறந்தோம். அவள் அம்மா சங்கரா மீன் குழம்பு கொடுத்தனுப்பியிருந்தார், சுண்டிய குழம்பு, மாங்காய் போட்டது. பினாங்கில் மீன் குழம்பில் வெண்டைக்காய் போடுவோம் என்று சொன்னேன். செல்வி என்னைப் பார்த்த பார்வையில் நான் அந்த விஷயத்தை அதோடு விட்டுவிட்டேன்.

மிச்சம் இருந்தது பால்கனிக் கம்பி. அதில்தான் கைமுறுக்குக்கு வேலை. வலையைவிட எவ்வளவோ தடித்த கம்பிக்கு ஏன் ரம்பப் பல் என்று செல்விக்குப் புரியவில்லை. நான் பரீட்சை மார்க் கணக்கு சொன்னேன். நாலு பிள்ளைகள். மூன்று பேர் பூஜ்யம், ஒருவன் மட்டும் ஆயிரம். ஆனால் நூற்றுக்குமேல் போர்டில் எழுத முடியாது. முதலில் சராசரி எடுத்தால் இருநூற்றைம்பது வரும், நூறு என்று எழுதிவிடுவோம், முட்டாள் வகுப்பு முழு மார்க் வாங்கிவிடும். முதலில் அந்த ஆயிரத்தை நூறாக வெட்டிவிட்டுச் சராசரி எடுத்தால் இருபத்தைந்து வரும், அதுதான் நியாயம். புதுச்சேரி மத்தியான ஆகாயம் அந்த ஆயிரம் மார்க் பையன். கறுப்புக் கம்பிகள் பூஜ்யங்கள். திரையால் காட்ட முடிந்த உச்ச வெள்ளைதான் அந்த நூறு. பழைய சுற்று சராசரியை முதலில் எடுத்துவிடுகிறது, வெட்டுவது பிறகு நடக்கிறது. அதனால் கம்பியின் ஓரச் சதுரமெல்லாம் முழு வெள்ளையாகி, இடைப்பட்ட சாம்பலே இல்லாமல் போகிறது.

"மொதல்ல வெட்டணும், அப்பறம் சராசரி. அத பழைய சுற்றுகிட்ட சொல்ல முடியாது" என்றாள் மெதுவாக.

"உன் புரோகிராம்கிட்ட சொல்லலாமே."

நான் முடிப்பதற்குள் தட்டச்சு ஆரம்பித்துவிட்டது. அக்கம்பக்கத்தைச் சேர்க்கும் வரிகளை நீக்கினாள், வரிசையை மாற்றினாள். கம்பிகள் கூரான கறுப்புக் கோடுகளாக ஆகாயத்துக்கு எதிரே நின்றன. பல் ஒன்றும் இல்லை.

சாயங்காலம் லிம் கூப்பிட்டார். நடந்ததைச் சொன்னேன். "பழைய சுற்றைப் பயன்படுத்தச் சொன்னாயா? நாம் விற்பது புதியதை அல்லவா?" என்றார் பதறி. "நாம் விற்ற கார்டில் இரண்டும் இருக்கிறது, இரண்டுமே நன்றாக வேலை செய்கிறது, இதில் உங்களுக்கு என்ன வருத்தம்?" என்றேன். அதற்குப் பிறகு மேடையில் நான் கைமுறுக்கை மட்டும் புகழ்ந்ததில்லை.

குணசேகரனுக்குக் காட்டினோம். நிதானமாகப் பார்த்தார். "நாளைக்கு அவங்க முன்னாடி ஓடட்டும், அப்பறம் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். மனிதருக்குப் புகழ்வது என்றால் பல் பிடுங்குகிற மாதிரி.

சனிக்கிழமை பில்டர் வேலாயுதம் வந்தார். வெள்ளைச் சட்டை, மூன்று மோதிரம், ஓயாத பேச்சு. அவரோடு பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற அந்துவானும் அவர் மனைவியும். பிரெஞ்சு வழக்கப்படி எல்லாரும் அவரை முசே என்றார்கள், அந்த அம்மாவை மதாம் என்றார்கள். இருவரும் கறுத்த, களையான தமிழர்கள். பாரிஸ் பக்கத்தில் வீடு, ஆனால் கடைசிக் காலத்துக்கு இங்கே ஒன்று வேண்டும் என்று பார்க்க வந்தவர்கள். சுவரில் புரொஜெக்டர் வெளிச்சம் விழுந்தது. செல்வி மவுசைப் பிடித்தாள்.

வாசல், கூடம், சமையலறை. யாரும் கண்ணைக் கசக்கவில்லை. பால்கனி வந்தபோது முசே, "தியா, அழகா இருக்குது" என்று பிரெஞ்சும் தமிழுமாக வியந்தார். வேலாயுதம் தான்தான் அந்தக் கம்பியை வரைந்ததுபோலச் சிரித்தார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. படுக்கையறைக்குள் போய், ஜன்னலைப் பார்த்து நின்றது படம். வெளியே பளீரென்ற ஆகாயம்.

மதாம் முன்னால் குனிந்து பார்த்தார். "அலோர், அப்ப கொசுவல எங்க? வல போட்டுத் தரேன்னு சொன்னீங்களே முசே வேலாயுதம். இதுல ஒண்ணுத்தையும் காணமே."

வேலாயுதத்தின் சிரிப்பு பட்டென்று நின்றது. "என்னா குணா, நடுங்குதுன்னு வலையே எடுத்துட்டியா? என் யாவாரத்துல மண்ணப் போடப் பாக்கறியா?"

குணசேகரன் செல்வியைப் பார்த்தார். முந்தின நாள் மானிட்டரில் தெரிந்த வலையின் சாம்பல் திரை, புரொஜெக்டரில் அவ்வளவு பிரகாசமான ஆகாயத்துக்கு எதிரே கரைந்து கண்ணுக்கே தெரியாமல் போயிருந்தது. கணக்குப்படி சரிதான், நிஜ ஜன்னலிலும் அப்படித்தான் ஆகும். ஆனால் சுருக்கிய படங்கள், மார்க், சராசரி என்று அங்கே யாருக்கு விளக்குவது? நான் வாயைத் திறந்தேன்.

செல்வி எனக்காகக் காத்திருக்கவில்லை. ஜன்னலை நோக்கி நடந்தாள், திரையில். கட்டிலைத் தாண்டினாள். வெறும் ஆகாயமாக இருந்த இடத்தில் புகைபோல் ஏதோ படிந்தது. இன்னும் கிட்டே போனாள். புகை மெல்லிய கோடுகளானது. இன்னும் கிட்டே. கோடுகள் கம்பிகளாயின. கடைசியில் சுவர் முழுக்கக் கொசுவலை, ஒரு கம்பி மேலே, ஒரு கம்பி கீழே, மேலே, கீழே.

மதாம் எழுந்து சுவரருகே போய்விட்டார். அவர் நிழல் படத்தில் விழுந்தது. "நெய்ஞ்சிருக்குது பாருங்க" என்றார் கணவரிடம். விரலால் ஒரு கம்பியின் ஏற்ற இறக்கத்தைச் சுவர்மேல் தொடர்ந்து கொண்டுபோனார்.

"இங்க நம்ம பழைய வூட்லயும் அப்படித்தான மரி" என்றார் முசே மனைவியிடம். "கட்டில்ல உக்காந்தா தெரியாது, கிட்டப் போனாதான் தெரியும். இதுவரைக்கும் பாத்த படத்துலயெல்லாம் எவனும் வலையே போடல. இவங்கதான் நெசமா போட்டிருக்காங்க."

வேலாயுதம் மூச்சு விட்டார். மோதிரக் கையால் குணசேகரனின் முதுகில் தட்டி, "ரெண்டாவது பிளாக்கும் நீங்களே பண்ணிடுங்க. எப்ப முடியும்?" என்றார்.

"என்ன ஏன் கேக்கறீங்க?" என்றார் குணசேகரன். "செல்வியக் கேளுங்க. இங்க அதுதான் சொல்லணும்."

வேலாயுதம் நாற்காலியைச் செல்வி பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். "நாலாவது மாடிலேருந்து கடல் தெரியற மாதிரி நல்லா பெருசா போட்டுடும்மா."

செல்வி மவுசிலிருந்து கையை எடுத்தாள். "நெசமா தெரியுமா சார்?"

வேலாயுதம் முசேயைப் பார்த்தார், மதாமைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். "கொஞ்சமா தெரியும்" என்றார்.

"அப்ப கொஞ்சமா போடறேன்" என்றாள் செல்வி.